ஆளுக்கொரு சக்கரம்

என் வயசுக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் கணக்கு மறந்திருக்காது. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி. ஆளின் உயரத்தைப் பார்த்தே கடைக்காரர் வண்டியை உருவி நீட்டுவார். எங்கள் போடியில் அப்போது எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருந்தது. ஏலக்காயைக்கூடச் சல்லடையில் ஆட்டி, பெரிசு ஒரு குவியல், சிறிசு ஒரு குவியல் என்று பிரித்துத்தான் மூட்டை கட்டுவார்கள். இந்த அளவுகள் எதிலும் சேராத ஒரு சைக்கிள் எங்கள் வீட்டில் இருந்தது. அது பாதியாகி, பிறகு ஒற்றைச் சக்கரமாகி, அதை நான் ஓட்டியதும் நடந்தது. அதை எழுது எழுது என்று அக்கா ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அவளும் அப்படியே. ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை சீவி வளர்ந்தோம். அவளுக்கு வாய் அதிகம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து சாக்குக் கடை வைத்திருந்தார்கள். பழைய சாக்குகளை வாங்கி உதறி, கிழிசலை ஊசி போட்டுத் தைத்து, ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கொடுப்பது தொழில். அதனால் எங்கள் வீட்டுத் துணிமணி, தலைமுடி, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் ஏலக்காய் மணமும் சணல் தூசியும் கலந்து இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், "உங்க வீட்டுல தெனமும் பாயாசமாடி?" என்று கேட்பாள்.

அந்தச் சைக்கிள் தாத்தாவுடையது. மலை மேல் ஓர் எஸ்டேட்டில் அவர் காவல் வேலை பார்த்தபோது, ஊரைவிட்டுக் கிளம்பிய துரை கொடுத்துவிட்டுப் போன சீமைச் சைக்கிள். முழு வண்டியைவிடச் சக்கரம் சிறிசு, முக்கால் வண்டியைவிடப் பெரிசு. டயர் தேய்ந்தால் மாற்று டயர் கிடையாது. தாத்தா கிழிந்த இடத்தில் சாக்குத் துணியைச் சுற்றி ஓட்டினாராம்.

தாத்தா போன பிறகு அண்ணன் தம்பிக்குள் என்னவோ புகைந்தது. என்னவென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. பாகம் பிரிப்பதென்று முடிவாகி, சிலமலையில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, நடுவராக வந்தார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மச்சான் முறை. அவர் சொல்லை இரண்டு பேரும் தட்டமாட்டார்கள். காலையில் ஆரம்பித்து வீடு, கடை, அண்டா, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசியில் சைக்கிள் மிஞ்சியது.

"நான் பழகுன வண்டி. இதுல விழுந்துதான் இந்தப் பல்லு போச்சு" என்றார் பெரியப்பா.

"அய்யாவ கடைசியா ஆஸ்பத்திரிக்கு இதுலதான் வச்சுத் தள்ளிட்டுப் போனேன். நான் விட மாட்டேன்" என்றார் அப்பா.

இப்படியே வெயில் சாயும்வரை போனது. மாமாவுக்குப் பசி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், "அப்ப ஆளுக்கொரு சக்கரமா எடுத்துக்கங்கப்பா!" என்று சொல்லிவிட்டார்.

கோபத்தில் சொன்ன சொல். அதைக் கேட்டுச் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பெரியப்பா உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். அப்பா வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். நடுவர் வாயிலிருந்து வந்துவிட்டது, வேண்டாம் என்று யார் முதலில் சொல்வது? மாமா வாயைப் பிளந்தபடி நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. முன்சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் போர்க்கும் ஹேண்டில்பாரும் பெரியப்பாவுக்கு. சட்டமும் பின்சக்கரமும் பெடலும் அப்பாவுக்கு. சீட்டு நடுவில் கிடந்தது. மூத்தவர் என்று அதைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அண்ணன் தம்பி சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

*

மறுவாரமே முற்றத்தின் நடுவில் சுவர் எழும்பியது. நெஞ்சளவு வந்ததும் கல் தீர்ந்துபோனது. காய் சீசன் தொடங்கிவிட்டதால் கொத்தனாரும் கிடைக்கவில்லை. "தை பொறக்கட்டும். ஆள் உசரத்துக்கு ஏத்திப்புடுறேன்" என்று அப்பா அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, "அந்த வீட்டு வாசப்படிய மிதிச்ச, கால ஒடிச்சிருவேன் ஆத்தா" என்றார். ஒடிப்பேன் என்பதையும் ஆத்தா என்பதையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய மனிதர்.

நான் முதன்முதலாகத் தனியாகப் படுத்தேன். பாய் அகலமாக இருந்தது.

தன் பாதியை முழுசாக்கிக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு வெறி. மதுரைக்குச் சரக்கோடு போகிற ஒருவரிடம், "இருவத்திரெண்டு வண்டிக்கு முன்சக்கரம் ஒண்ணு கொண்டா" என்று சொல்லி அனுப்பினார். வந்த சக்கரத்தைப் பக்கத்தில் வைத்தால் அரைச் சாண் பெரிசு. ஜீப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருவத்திரெண்டுங்கிறது சட்டத்தோட உசரம்ணே. சக்கரத்துக்கு வேற கணக்கு."

அடுப்படியிலிருந்து அம்மா, "சட்டை அளவச் சொல்லிச் செருப்பு வாங்கியாந்த கதையால்ல இருக்கு" என்றாள்.

"இந்த அளவுச் சக்கரம் மதுரையிலயும் கிடையாது, மெட்ராசுலயும் கிடையாது. ஒலகத்துல இதுக்குச் சோடி ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, சைக்கிள் கடை அண்ணன் சுவரைப் பார்த்துத் தாடையை நீட்டினார். அப்பா அவரை முறைத்து அனுப்பிவிட்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. பெடலையும் அதன் அச்சையும் கழற்றி, துரு போகட்டும் என்று ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஊறப்போட்டார். அதோடு சீசன் வேலையில் மறந்தும் போனார்.

அந்தப் பக்கம் அக்கா சும்மா இருக்கவில்லை. ஒரு சாயங்காலம் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"ஏ புள்ள, இங்க வா. ஹேண்டில்பாரக் கழட்டிட்டேன். அந்த ஓட்டைக்குள்ள சீட்டு கம்பி எறங்குது. கொஞ்சம் ஆடுது, சாக்குத் துணிய வச்சு அடச்சுட்டேன்."

"எதுக்குக்கா?"

"சர்க்கஸ்ல ஒருத்தன் ஒத்தச் சக்கரத்துல வந்தான்ல, குடையப் பிடிச்சுக்கிட்டு? அது மாதிரி. சக்கரம் எங்கிட்ட இருக்கு, சீட்டு இருக்கு. பெடலுதான் இல்ல."

என் பார்வை மண்ணெண்ணெய் டின்னுக்குப் போனது. அவள் அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"அப்பா திட்டுவாரு" என்றேன்.

"தையில செவுரு ஏறிரும்டி. அப்புறம் என் மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது. அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு வேணும். வெரசா கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். கை இரண்டும் மண்ணெண்ணெய் நாற்றம். அம்மா அன்றைக்குச் சோறு போடும்போது என் கையை ஒரு நிமிஷம் பிடித்து வைத்திருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சீயக்காய் எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனது அக்காதான். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு அந்த அண்ணன் வெல்டிங்கும் வைப்பார். பெடல் அச்சைச் சக்கரத்தின் நடுவில் செருகி அப்படியே பற்றவைத்துவிட்டால், மிதிக்கிறபடி சக்கரம் சுற்றும் என்று அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்.

"ஒருதடவ வச்சுட்டா அப்புறம் பிரிக்க முடியாதுத்தா. ஒடைக்கத்தான் முடியும். ஒங்க அப்பன், சித்தப்பன் ரெண்டு பேரும் என்னய வந்து ஒடப்பாங்க."

"ஒடச்சா ஒங்களத்தானே, வண்டிய இல்லைல. வைங்கண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே நெருப்பைப் பற்றவைத்தார். "என் கடை வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்து காமிக்கணும். அதான் கூலி" என்றார்.

டயர்தான் பாக்கி. எஸ்டேட்டில் மருந்தடிக்கும் கறுப்பு ஓஸ் பைப்பு, வெடித்துப்போன துண்டு ஒன்று ஜீப்பு ஸ்டாண்டில் கிடந்தது. அதை ரிம்மில் வளைத்து, உள்ளே சணல் கயிற்றைத் திணித்து, முனை இரண்டையும் கம்பியால் முடிந்தோம். முடிச்சு தரையில் படும்போதெல்லாம் 'தொக்' என்று ஒரு சத்தம் வரும்.

*

சுவர்தான் எங்களுக்குக் கைப்பிடி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடையிலிருந்து பெரியவர்கள் திரும்புவதற்குள் ஓட்டிப் பழக வேண்டும். மேற்கே மலையில் மேகம் இறங்கி நிற்கும். காற்றில் சாரல் வாசம் வரும். முதலில் அக்கா ஏறினாள். அவளுக்குக் கால் நீளம். முழங்கால் மடங்கி நெஞ்சில் இடித்தது. சீட்டை ஏற்றினால் சாக்குத் துணி நழுவியது. விழுந்து விழுந்து முழங்கையெல்லாம் தோல் போன பிறகு ஒருநாள் இறங்கி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது ஒன் அளவுடி."

"எனக்கு வேணாம்க்கா. எல்லாரும் பாப்பாங்க."

"இங்க யாரு இருக்கா? நானும் செவுரும்தான்."

வண்டியைச் சுவருக்கு மேலே தூக்கி என் பக்கம் இறக்கினாள். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் பெடலில் சரியாகப் பொருந்தியது. முழு வண்டி எனக்கு எட்டாது, முக்கால் வண்டியில் குனிந்து கிடக்க வேண்டும். எந்தக் கணக்கிலும் வராத அந்தச் சக்கரத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு கை சுவர் மேல். அந்தக் கையை அக்கா அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் சுவர். இப்படியே முற்றத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை, பிறகு திரும்பி. தொக், தொக், தொக்.

சிமெண்டுப் பூச்சு இல்லாத கல் உள்ளங்கையைச் சுரண்டும். அது இப்போது நினைத்தாலும் எரிகிறது. அவள் விரல்களின் பிடி மட்டும் எரியாது.

ஒற்றைச் சக்கரத்தில் முன்னால் விழப்போகிறோம் என்று தோன்றினால் வேகமாக மிதிக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் மிதிப்பதை நிறுத்த வேண்டும். பயந்து நின்றால் விழுந்தே தீருவோம். இது புரிவதற்குள் நான் விழாத இடம் இல்லை. ஆனால் ஒன்று: விழுந்த இடங்களில் எல்லாம் சாக்கு கிடந்தது. சுவரோரமாகப் பழைய சாக்குகள் இரண்டு பக்கமும் தானாகவே வந்து குவிந்திருந்தன. சாக்குக் கடைக்காரர் வீட்டில் சாக்குக் கிடப்பது அதிசயமா என்று நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் பெற்று, அவர்கள் விழும் இடங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெரியம்மா. அவர்களும் ஒருவரோடொருவர் பேசக்கூடாதவர்கள்தான்.

அப்பா ஒருநாள் சீக்கிரமாக வந்துவிட்டார். நான் சட்டென்று வண்டியைச் சுவருக்கு மேலே தூக்கி அக்காவிடம் தள்ளிவிட்டேன். அவள் வாங்கி உருட்டிக்கொண்டு ஓடிய 'தொக் தொக்' சத்தம் அவர் காதில் விழுந்தது.

"கேட்டியா? நான் வர்ற நேரம் பாத்து இந்தச் சோலி. தொக்கு தொக்குன்னு இடிக்கிறது. நம்மள வம்புக்கு இழுக்கத்தான் ஒலக்கைய எடுத்து வேணும்னே இடிக்கிறாரு" என்றார் அம்மாவிடம்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்கும்" என்றாள்.

*

மார்கழி முடியப் போகிற நேரம். கொத்தனார் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார். முற்றத்தில் கல் வந்து இறங்கியது. அன்று சாயங்காலம் அக்கா முகம் செத்துப்போய் இருந்தது. "இன்னைக்கே கடை வரைக்கும் போயிரணும்டி. நாளைக்குச் செவுரு ஏறிட்டா வண்டிய எப்படித் தூக்கித் தர்றது?" என்றாள்.

"தெருவுலயா?" என்றேன்.

"நீ யாரையும் பாக்காத. என் சடை நுனியில ரிப்பன் இருக்குல்ல, அத மட்டும் பாரு. நான் முன்னால நடக்கிறேன்."

எங்கள் தெரு ஜீப்பு ஸ்டாண்டை நோக்கிச் சரிவாக இறங்கும். தெரு மேட்டில் பால்காரர் வீட்டுச் சுவரைப் பிடித்து நான் ஏறிய அதே நேரத்தில், வீட்டில் அப்பா கொத்தனாருக்குக் காட்டுவதற்கு மட்டக்கோல் தேடியிருக்கிறார். தேடிய கையில் மண்ணெண்ணெய் டின் அகப்பட்டது. உள்ளே மண்ணெண்ணெய் மட்டும்.

அப்பா டின்னோடு வெளியே வந்து பெரியப்பா வாசலில் நின்று கத்தத் தொடங்கினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "என் பெடலக் களவாண்டது யாரு? வெளிய வரச் சொல்லு!"

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒன் பெடல வச்சு நான் என்ன நாக்கா வழிக்கிறது? மொதல்ல என் சக்கரம் எங்கன்னு சொல்லு. வச்ச எடத்துல காணோம்!"

"ஒத்தச் சக்கரத்த வச்சு நான் என்ன செய்யப் போறேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன், ஒத்தப் பெடல வச்சு!"

கூட்டம் கூடிவிட்டது. இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு ரிப்பன். சுவரை விட்டுவிட்டேன். தொக், தொக் என்று சக்கரம் உருண்டது. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டேன். ரிப்பன் ஆடி ஆடி முன்னால் போனது. சரிவு வந்ததும் வேகம் எடுத்தது. ரிப்பன் பக்கத்தில் வந்தது. அக்கா ஓடத் தொடங்கினாள். பிறகு அவள் விலகிக்கொள்ள, ரிப்பன் காணாமல் போனது. நான் தலையைத் தூக்கினேன். தெரு முழுக்க ஆட்கள். நடுவில் அப்பாவும் பெரியப்பாவும், டின்னும் கையுமாக.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் பயந்துபோய் மிதிப்பதை நிறுத்தினேன்.

"டேய்! புள்ளயப் பிடிடா!" என்று பெரியப்பா அலறினார்.

டின் எங்கோ போய் விழுந்தது. அப்பா ஓடி வந்து என் வலது கையைப் பிடித்தார். நான் மறுபக்கம் சாய்ந்தேன். "அண்ணே, அந்தக் கையப் பிடிண்ணே!"

பெரியப்பா பிடித்தார். நான் விழவில்லை. சக்கரம் நிற்கவும் இல்லை. சரிவில் அது பாட்டுக்கு உருள, பிடித்த கையை விடப் பயந்து இரண்டு பேரும் என் இருபுறமும் வேட்டி தடுக்க ஓடி வந்தார்கள். சைக்கிள் கடை வாசலில்தான் நின்றோம். கடை அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "கூலி வந்துருச்சு" என்றார்.

மூச்சு வாங்கியபடி அப்பா குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது அண்ணனுடையது. பெரியப்பா பெடலைத் தொட்டுப் பார்த்தார். அது தம்பியுடையது. நடுவில் வெல்டிங் வைத்த தழும்பை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அக்கா ஓடி வந்து சேர்ந்தாள். இரைக்க இரைக்கச் சொன்னாள்: "இதப் பிரிங்க பாப்போம்."

*

மறுபடியும் சிலமலை மாமாவுக்கு ஆள் போனது. அவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சாமி, நான் வாயத் தொறக்க மாட்டேன். போன தடவ பசியில ஒரு வார்த்த சொன்னதுக்கே ஸ்பேனர எடுத்துட்டீங்க. இதுக்கு அரம் எடுத்தாலும் எடுப்பீங்க."

"மச்சான், பிரிக்கச் சொல்லல. எங்க நிப்பாட்டுறதுன்னு சொல்லுங்க" என்றார் அப்பா.

"எங்க வீட்டுல" என்று பெரியப்பா ஆரம்பிக்க, "அது எப்படி" என்று அப்பா நிமிர, ஆண்கள் பேசும் இடத்தில் ஒருநாளும் பேசாத பெரியம்மா அடுப்படி நிலைப்படியில் நின்று சொன்னாள்:

"நடுவுல நிப்பாட்டுங்க. செவுத்துல வழி விட்டு, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா நிக்கட்டும்."

சுவரை ஏற்ற வந்த கொத்தனார் அதில் ஓர் இடத்தைத் தரைமட்டத்துக்கு இடித்தார். வண்டி நிற்கிற அகலம் போதும் என்றார் பெரியப்பா. அப்பா, "இன்னும் ஒரு கல்லு எடுங்க கொத்தனாரே. அண்ணன் வயிறு நொழையணும்ல" என்றார். பெரியப்பா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பல் போன இடம் தெரிந்தது.

சொத்து பிரிந்தது பிரிந்ததுதான். கடை இரண்டாகவே நடந்தது, அடுப்பும் இரண்டாகவே எரிந்தது. ஆனால் அந்த இடைவெளி வழியாகக் காலைக் காப்பிக்கு அப்பா அந்தப் பக்கம் போவார். வழியில் நிற்கும் வண்டியை ஒரு கையால் நகர்த்திவிட்டுத்தான் போக வேண்டும். தொக் என்று சத்தம் கேட்டால் அப்பா போகிறார் என்று அர்த்தம். மறுபடி கேட்டால் திரும்பி வருகிறார். பாயில் அக்கா மறுபடியும் வந்து படுத்தாள். அதற்கு யாரும் அனுமதி கொடுத்ததாக நினைவில்லை.

நான் அந்த வண்டியைத் தெருவில் பிறகு ஓட்டியதில்லை. முற்றத்தில் மட்டும் ஓட்டுவேன், உயரம் கூடி முழங்கால் இடிக்கிற வரைக்கும். ஓஸ் பைப்பு வெயிலில் வெடித்தது. ரிம் துருப்பிடித்தது. தெருவில் சாக்கடை கட்டியபோது சாமான்களை ஒதுக்கிய நேரத்தில் அது எங்கே போனதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அக்கா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய், பேச்சில் மலையாளம் கலந்துபோனது. ஜீப்பில் இறங்கி வரும்போதெல்லாம் அந்த இடைவெளியில் வண்டி நின்ற இடத்தை ஒரு நிமிஷம் கையை நீட்டித் துழாவிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. போன மாதம் என் மகன், நாய் நுழைகிறது, பாம்பு வருகிறது என்று சொல்லி அந்த இடத்தில் கதவு போட அளவு எடுத்தான். அக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு அலுத்துப்போய் வந்தான்.

"இந்த அளவுல எங்கயும் கதவு கிடைக்காதாம்மா. தேனியிலயும் கேட்டுட்டேன். ஒண்ணு சின்னதா இருக்கு, இல்ல பெருசா இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கிடைக்காதுப்பா" என்றேன். "அப்படியே கெடக்கட்டும்."